மாதவிடாய் நின்றபின் தசைப் பயிற்சியும் கறண்ட் தூண்டலும்: யாழ்ப்பாணத்தில் இருந்தபடி தொடங்கும் வழி

கனடாவிலோ ஜேர்மனியிலோ இருக்கும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார்கள். கறுப்பு உடுப்புப் போட்ட பெண் உடம்பெல்லாம் வயர் பூட்டிக்கொண்டு 20 நிமிடம் குந்தி எழும்புவாள். "அம்மா, உங்களுக்கு இது நல்லது, முழங்கால் நோவும் போகும்" என்று கீழே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கே போவது, யாரிடம் கேட்பது, எதை வாங்குவது என்று இங்கே சொல்ல ஆளில்லை. நான் அலைந்து திரிந்து பொறுக்கிய விவரங்களை மற்றவர்களும் அலையாமல் இருக்க ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைவதால் முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும், தசையும் இளகும். இதற்கு முதல் மருந்து எடையோடு செய்யும் தசைப் பயிற்சி. தோலில் ஒட்டும் பட்டை வழியாக மெல்லிய கறண்டை விட்டுத் தசையை இறுகச் செய்யும் கறண்ட் மெசின் அதற்குத் துணை, அவ்வளவுதான். ஜேர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் 2010இல் வந்த ஆய்விலும், ஏற்கெனவே பயிற்சி செய்துவந்த, மாதவிடாய் நின்ற 30 பெண்களில் ஒரு பகுதியினருக்குத்தான் மேலதிகமாக உடம்பு முழுக்கத் தரும் கறண்ட் தூண்டலைச் சேர்த்து 14 வாரம் பார்த்தார்கள். தசைக்கும் பலத்துக்கும் நன்மை தெரிந்தது. எலும்பைப் பொறுத்தவரை பின்னால் வந்த ஆய்வுகளிலும் அவ்வளவு தெளிவான பலன் இல்லை. ஆகவே "எலும்பு பலமாகும்" என்று யாராவது விளம்பரம் செய்து மெசின் விற்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

1. காசில்லாத பரிசோதனையில் தொடங்குங்கள்

நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லை. உங்கள் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கும். பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் அங்கே பார்ப்பார்கள். அரச வைத்தியசாலைகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களிலும் பிரஷர், சீனி, உடல் நிறை பார்க்கலாம். இரண்டுக்கும் காசு இல்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் போதும். சீனி பார்ப்பதற்குச் சாப்பிடாமல் போகவேண்டும். காலையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு நாள் வீண்.

கொண்டுபோக வேண்டியவை:

தேசிய அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை றிப்போட்டுகள், இப்போது குடிக்கும் குளிசைகளின் மட்டைகள். பெயரை ஞாபகம் வைத்துச் சொல்வதைவிட மட்டையைக் காட்டுவது நல்லது. முன்பு ஒப்பரேஷன் செய்திருந்தால் அந்த நேரம் தந்த நோய் நிர்ணய அட்டையும் வேண்டும். முழங்காலில், இடுப்பில் உலோகம் வைத்திருக்கிறார்களா என்ற கேள்வி பின்னால் கட்டாயம் வரும்.

எலும்பு அடர்த்தி பற்றி ஒரு எச்சரிக்கை. கோயில் வீதியிலும் சனசமூக நிலையத்திலும் சில நேரம் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் வைப்பார்கள். குதிக்காலை ஒரு சின்ன மெசினுக்குள் விட்டுப் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு துண்டு தருவார்கள். அது ஒரு குறிப்புத்தான். எலும்புத் தேய்மானம் இருக்கிறதா என்று முடிவுசெய்வது இடுப்பிலும் நாரியிலும் எடுக்கும் டெக்சா ஸ்கான். அதில் ரி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும். −1க்கும் −2.5க்கும் இடையில் இருந்தால் எலும்பு அடர்த்தி குறைவு, −2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்மானம். முகாமில் சிவப்புத் துண்டு தந்துவிட்டு அதே மேசையில் பால்மா விற்றால் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு டொக்டரிடம் போங்கள். டெக்சா எடுக்கச் சொன்னால், போகிற இடத்துக்கு முதலில் போன் பண்ணி நாளையும் காசையும் கேட்டுவிட்டுப் பயணப்படுங்கள். உங்கள் எண்ணைத் தெரிந்துகொண்டால் எந்தப் பயிற்சி கூடாது என்பதும் தெரியும். அதை 4ஆம் படியில் சொல்கிறேன்.

2. கறண்ட் யாருக்குக் கூடாது

இதை வாசிக்காமல் கீழே போகவேண்டாம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்ச்சி தரும் கருவி வைத்தவர்கள் கறண்ட் தூண்டலைத் தொடவே கூடாது. வலிப்பு உள்ளவர்கள், காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்கள், இரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் டொக்டர் எழுத்தில் சம்மதம் தரும்வரை பயிற்சியோடு மட்டும் நில்லுங்கள். காய்ச்சல் நேரத்தில் யாரும் செய்யக்கூடாது. டெங்குக் காலத்தில் காய்ச்சல் விட்ட கையோடு மெசினைத் தூக்கவும் வேண்டாம்.

நீண்ட காலச் சலரோகம் உள்ளவர்களுக்கு வேறொரு பிரச்சினை. காலில் உணர்வு குறைந்திருந்தால் கறண்ட் கூடியது தெரியாது, தோல் சுட்டுப்போகும். வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி வேறொருவர் பஞ்சால் தொடையிலும் காலிலும் தொடட்டும். எங்கே தொட்டது என்று சொல்ல முடியாத இடத்தில் ஒட்டவே கூடாது. கொலஸ்ரோலுக்கு ஸ்ரற்றின் வகைக் குளிசை எடுப்பவர்கள் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் குளிசையாலும் சிலருக்குத் தசை நோ வரும், இரண்டும் சேர்ந்தால் எதனால் நோகிறது என்றே பிடிபடாது.

முழங்காலில் உலோக மூட்டு வைத்திருப்பது எல்லோருக்கும் தடை அல்ல. ஆனாலும் இயன் மருத்துவர் (பிசியோதெரப்பிஸ்ட்) பார்த்துச் சொல்லட்டும்.

3. இயன் மருத்துவரிடம் போகும் கடிதம்

அரச வைத்தியசாலையின் இயன் மருத்துவப் பிரிவுக்கு டொக்டரின் கடிதத்தோடு போவதுதான் வழக்கம். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து டொக்டரைக் கண்டு, அவர் எழுதித் தந்தபின் அந்தப் பிரிவு தரும் நாளில் போகவேண்டும். ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று நினைத்து வேலைக்கு அரை நாள் லீவு மட்டும் எடுத்தால் கஷ்டம். தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் பக்கமாக இருந்தால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு வருவதற்கு முன் அங்கே கேளுங்கள். பஸ் காசும் நேரமும் மிச்சம்.

காத்திருக்க நேரமில்லை என்றால் தனியாரில் சனல் பண்ணலாம். அப்படிப் போவதாயின் அந்த இயன் மருத்துவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மசாஜ் நிலையம் வைத்திருப்பவரும் ஜிம்மில் நிற்கும் பொடியனும் தங்களை அந்தப் பெயரால் சொல்லிக்கொள்வது உண்டு.

டொக்டரிடம் "கை கால் நோ" என்று மட்டும் சொன்னால் பூச்சு மருந்தோடு அனுப்பிவிடுவார். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாதவிடாய் நின்று இத்தனை வருடம், தசைப் பயிற்சி தொடங்க விரும்புகிறேன், தொடைத் தசைக்குக் கறண்ட் தூண்டலும் சேர்க்கலாமா, எனக்குத் தடை ஏதும் இருக்கிறதா. இந்த நான்கு வரி போதும். பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு டொக்டர் இருந்தால் அந்த எழுத்துத்தான் கைகொடுக்கும்.

இயன் மருத்துவப் பிரிவில் தொடையைத் திறந்து காட்ட வேண்டிவரும். சேலையோடு போனால் அவதி. நைட்டிக்கு உள்ளே தளர்ந்த அரைக் காற்சட்டை போட்டுப் போகலாம், அல்லது தொடைவரை மடிக்கக்கூடிய காற்சட்டை. பெண் இயன் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் கூட ஒரு பெண் ஆளை உள்ளே விடச் சொல்லலாம். இதை வாய் திறந்து கேட்காமல் பாதியில் விட்டுவிட்டு வந்த அக்காமாரை எனக்குத் தெரியும்.

4. மெசின் இல்லாமல் முதல் 6 தொடக்கம் 8 வாரம்

எல்லோரும் பாய்ந்து கடக்க நினைக்கும் படி இது. கடக்காதீர்கள். நாள் ஒன்றுக்கு வேலை அரை மணித்தியாலம், கிழமைக்கு 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. வெயிலுக்கு முன் காலை 7 மணிக்குள், அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பிறகு.

தொடங்கும் நாளில் ஒரு அளவு எடுத்து எழுதிவையுங்கள். கைப்பிடி இல்லாத கதிரையில் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 5 தரம் எழும்பி இருக்க எத்தனை செக்கன் என்று போனில் பாருங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ என்றால் ஆசிய நாட்டவருக்கான 2019 வழிகாட்டலின்படி உடல் செயல்திறன் குறைவு. பயம் கொள்ள வேண்டாம், இது குறைப்பதற்கான எண்.

செய்ய வேண்டியவை சாதாரணமானவை. கதிரையில் இருந்து எழும்பி இருத்தல். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்குதல். சுவரில் கை வைத்து நெஞ்சை அருகில் கொண்டுபோய்த் தள்ளுதல். றப்பர் பட்டியைக் கம்பியில் கட்டி இரு கையாலும் விலாவை நோக்கி இழுத்தல். நாரியை நேராக வைத்து இடுப்பை மட்டும் பின்னால் தள்ளி நிலத்தில் இருந்து ஒரு பாரத்தைத் தூக்குதல். ஒவ்வொன்றும் 8 தொடக்கம் 12 தரம், 2 அல்லது 3 சுற்று. கடைசி 2 தரமும் கஷ்டமாக இருக்கவேண்டும். லேசாக முடிகிறது என்றால் எடை காணாது.

எடைக்குக் கடைக்குப் போகவேண்டாம். 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 1.5 கிலோ. பேரப்பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் 1 கிலோ அரிசிப் பொதிகளைப் போட்டு முதுகில் மாட்டினால் கிழமைக்குக் கிழமை ஒன்றாகக் கூட்டலாம். இந்தக் கூட்டுதல்தான் முக்கியம். வருடம் முழுதும் அதே போத்தலைத் தூக்கிக்கொண்டிருந்தால் உடம்பு பழகிவிடும், தசை வளராது. நடைபயிற்சி செய்கிறேன், அது காணாதா என்று கேட்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது. தசையைக் கூட்டுவதற்கு அது போதாது. உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டலில் நடை போன்றவற்றுக்கு மேலதிகமாகக் கிழமைக்கு 2 நாளாவது தசைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது.

எலும்புத் தேய்மானம் என்று றிப்போட் சொன்னவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து காலைத் தொடுவது, படுத்திருந்து எழும்பி வயிற்றைச் சுருக்குவது, எடையோடு இடுப்பைத் திருகுவது மூன்றையும் விடவேண்டும். முள்ளந்தண்டு எலும்பு நசுங்க இவை காரணமாகலாம். பயிற்சியில் கவனமாக இருந்துவிட்டு கிணற்றடியில் முதுகை வளைத்து நிறைவாளி தூக்கினாலும் அதே கதைதான். திருவலையில் இருந்து தேங்காய் துருவுவதை மேசைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

எலும்புக்கு அலென்ட்ரோனேற் குளிசை எடுப்பவர்களுக்கு இன்னொன்று. அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்கவேண்டும். அந்த நாளில் குளிசை போட்ட கையோடு பாயை விரித்துப் படுத்துச் செய்யும் பயிற்சி கூடாது. குளிசை திரும்பி வந்து உணவுக் குழாயைப் புண்ணாக்கும்.

5. மெசின் வாங்குதல்

காசு போகும் இடம் இதுதான்.

மருந்துக் கடையில் "கறண்ட் மெசின்" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது டென்ஸ். அது நோவைக் குறைப்பதற்கு நரம்பைக் கூசச் செய்யும் கருவி. தசையை இறுக்கி விடுவது இ.எம்.எஸ். என் மச்சாளுக்கு ஒரு கடைக்காரர் "அன்ரி, ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லி டென்ஸைக் கட்டிக்கொடுத்தார். ஒன்றல்ல. பார்த்துப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. போட்டதும் விடாமல் கூசிக்கொண்டே இருந்தால் டென்ஸ். சில செக்கன் இறுக்கி, சில செக்கன் விட்டு, மறுபடி இறுக்கினால் இ.எம்.எஸ். இரண்டும் சேர்ந்த மெசின்களும் உண்டு, அவை பரவாயில்லை.

கடையில் கேட்க வேண்டியவை:

இறுக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் நாமே மாற்றலாமா. அதிர்வெண் (ஒரு செக்கனில் வரும் துடிப்புகள்) 50 ஹேர்ட்ஸ் வரையும் துடிப்பு அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 300 மைக்ரோசெக்கன் வரையும் போகுமா. இரண்டு காலுக்கும் இரண்டு சனல் (கறண்ட் போகும் தனித்தனி வழி) இருந்து தனித்தனியே கூட்டிக் குறைக்கலாமா. கறண்ட் சட்டென்று அடிக்காமல் மெல்ல ஏறி மெல்ல இறங்குமா. பற்றரியில் ஓடுமா. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிந்த சாமானா, பில்லில் மொடல் பெயர் எழுதித் தருவார்களா.

மெசின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் பிறகு ஒட்டும் பட்டைகளில் மாட்டுப்படுவார்கள். ஒரு பட்டையை 20 தொடக்கம் 30 தரம் ஒட்டலாம். ஒரு தொடைக்கு 2 என்று இரண்டு காலுக்கும் 4 பட்டை. கிழமைக்கு 3 நாள் என்றால் ஒரு தொகுதி 7 தொடக்கம் 10 வாரம் வரும். வருடத்துக்கு 5 அல்லது 6, மோசமானால் 8 தொகுதி. அந்தக் காசையும் மெசின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஊசிபோன்ற முனையைச் செருகும் வயர் உள்ள மெசினுக்கு எந்தக் கம்பனிப் பட்டையும் பெரும்பாலும் பொருந்தும். பட்டன்போல அமர்த்தும் வகையும், தனக்கென்று தனி வடிவம் உள்ளதும் அந்தக் கம்பனிப் பட்டைக்குக் கட்டிப்போட்டுவிடும். இங்கே அது முடிந்தால் மெசின் அலுமாரிக்குள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வாங்கி அனுப்புவதாயின் நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள். ஆங்கிலக் கையேடு இருக்கவேண்டும். ஜேர்மன் மொழியில் மட்டும் இருந்தால் இங்கே இயன் மருத்துவருக்கும் உதவாது. சார்ச்சர் பிளக் இங்கத்தைய மூன்று முனைக்குப் பொருந்தாது, மாற்றியும் சேர்த்து அனுப்பட்டும். கழற்றி வைத்த லிதியம் பற்றரி விமானத்தில் கைப்பையில்தான் வரவேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. பட்டைகள் ஒரு வருடத்துக்கு வேண்டியதை ஒரேயடியாக அனுப்பவேண்டாம், ஜெல் காய்ந்துவிடும்.

முகநூலில் வரும் வயிறு குறைக்கும் பெல்ற், பாதத்தை மட்டும் வைக்கும் பாய், கையில் ஒட்டும் வண்ணத்துப்பூச்சி வடிவத் துண்டு, இவற்றில் காசைப் போடவேண்டாம். கொழுப்பு கரையாது. எழும்பி நடக்கத் தேவையான தொடைத் தசைக்கு அவை பொருந்துவதும் இல்லை.

6. முதல் தடவை

முடிந்தால் இயன் மருத்துவர் முன்னால் செய்யுங்கள். மெசினைக் கையோடு கொண்டுபோய் "இதை எனக்குச் செட் பண்ணிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். பட்டை ஒட்டிய இடத்தைப் பேனையால் சுற்றி வரைந்து போனில் படம் எடுத்துவிட்டால் வீட்டில் தடுமாற்றம் இல்லை.

தொடையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். எண்ணெய், பவுடர், நோவுக்குப் பூசும் மருந்து எதுவும் இருக்கக்கூடாது. நல்லெண்ணெய் தேய்த்து முழுகும் நாளில் பட்டை ஒட்டவே ஒட்டாது, அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு பட்டை தொடையின் மேற்பக்கத்தில், அரை மடிப்புக்கு நான்கு விரல் கீழே, கொஞ்சம் வெளிப்புறமாக. மற்றது முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் மேலே, உட்புறமாக. நெஞ்சு, கழுத்து, தலை, புண் உள்ள தோல், புடைத்த நரம்பு, இந்த இடங்களில் எந்த நாளும் ஒட்டக்கூடாது.

கதிரையில் இருந்துகொண்டு தொடங்குங்கள். 50 ஹேர்ட்ஸ், 300 மைக்ரோசெக்கன், 10 செக்கன் இறுக்கம், 30 செக்கன் ஓய்வு, 10 நிமிடம். கறண்டை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுங்கள். முதலில் கூச்சம், பிறகு துடிப்பு, அதற்குப் பிறகு தொடை இறுகுவது கண்ணுக்குத் தெரியும். முதல் நாளுக்கு அது போதும். கொழுப்புக் கூடிய தொடைக்கு அதிகம் கூட்ட வேண்டிவரும், அடுத்த வீட்டுக்காரியின் எண்ணோடு ஒப்பிடவேண்டாம். குத்தும், எரியும் என்றால் நிறுத்திவிட்டுப் பட்டையைப் பாருங்கள். ஓரம் கிளம்பியிருந்தால் கறண்ட் ஒரே இடத்தில் சேர்ந்து சுடும்.

மெசின் ஓடும்போது பட்டையைக் கழற்றக்கூடாது. முதலில் பூச்சியத்துக்குக் குறைத்து, நிறுத்தி, பிறகு கழற்றுங்கள். சார்ச் ஏறும்போது உடம்பில் பூட்டவே கூடாது. ஈரத் தரையில், குளித்த ஈரத்தோடு வேண்டாம். கழற்றியபின் தோல் கொஞ்சம் சிவந்திருக்கும், சிறிது நேரத்தில் மறைந்துவிடும். அடுத்த நாளும் சிவப்பு இருந்தால் அந்தப் பட்டை உங்களுக்கு ஒத்துவரவில்லை.

7. இரண்டையும் சேர்ப்பது

மெசினைப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பதில் பலன் குறைவு. கறண்ட் எப்போதும் பட்டைக்குக் கீழே உள்ள அதே தசைநார்களையே இழுக்கும், அவை சீக்கிரம் களைத்துவிடும். நாமே முயன்று அசைக்கும்போது மூளை வேறு தசைநார்களையும் மாறி மாறி வேலைக்கு எடுக்கும். ஆகவே இறுக்கம் வரும் 10 செக்கனில் நீங்களும் சேர்ந்து முழங்காலை நீட்டுங்கள், ஓய்வு வரும்போது மெல்ல மடக்குங்கள். முதல் 2 வாரம் இருந்தபடி இது மட்டும்.

அப்புறம் எழும்பி இருத்தலோடு சேர்க்கலாம். இறுக்கம் தொடங்கும்போது எழும்பி, நின்று, ஓய்வு வந்தபின் இருப்பது. முதல் நாட்களில் பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், கதிரையின் முதுகு சுவரில் முட்டியிருக்கவேண்டும். தொடை தானாக இறுகும்போது முழங்கால் எதிர்பாராமல் நீளும், விழ வாய்ப்பு உண்டு. பிளாஸ்ரிக் கதிரை வழுக்கும், மரக் கதிரை நல்லது.

என் கால அட்டவணை இது: திங்கள், வியாழன் தசைப் பயிற்சி, அதன் முடிவில் 15 நிமிடம் கறண்டோடு தொடை. சனிக்கிழமை கறண்ட் இல்லாமல் பயிற்சி மட்டும். கறண்டை 20 நிமிடத்துக்கு மேல் நீட்டவேண்டாம். அதில் கூடுதல் நன்மை வராது, அடுத்த நாள் படி ஏற முடியாத நோதான் வரும்.

8. உடம்பு முழுக்க உடுப்பு

வீடியோவில் கண்டது இதைத்தான். வீட்டு மெசினோடு இதைக் குழப்பக்கூடாது. பல பெரிய தசைகளை ஒரே நேரத்தில் இழுப்பதால் ஆபத்தும் பெரிது. ஜேர்மனிக்கோ சுவிசுக்கோ பிள்ளைகளிடம் போகும்போது ஆசைப்பட்டு ஒரு தடவை செய்துவிட்டு வருபவர்களுக்காக எழுதுகிறேன்: முதல் தடவையில் அதிகம் கூட்டினால் தசை உடைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கலாம். நோ உடனே உச்சத்துக்கு வராது, அடுத்த சில நாட்களில்தான் கடுமையாகும். சலம் பிளேன்ரீ நிறத்தில் போனால் வீட்டில் வைத்திருந்து பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் "கறண்ட் பயிற்சி செய்தேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். தசை உடைந்திருக்கிறதா என்று காட்டும் சிகே என்ற இரத்தப் பரிசோதனை எடுப்பார்கள்.

முதல் 8 தொடக்கம் 10 வாரம் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யக்கூடாது என்பது ஜேர்மன் நிபுணர்களின் வழிகாட்டல். பயிற்றுநர் உங்களை விட்டு நகரவும் கூடாது. முதல் நாளே கிழமைக்கு 3 தடவை என்று பொதியாக விற்றால் வெளியே வந்துவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்திய கிழமையில் முதல் தடவை செய்யவேண்டாம்.

9. சாப்பாடும் விரதமும்

இடியப்பம், சொதி, சம்பல். ருசி சரி, புரதம் காணாது. இந்த வயதில் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1 தொடக்கம் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 60 தொடக்கம் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். மரக்கறிக்காரர் பருப்பு, பயறு, கடலை, சோயா மீற், தயிர் என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒன்றைச் சேருங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் கூட்டவேண்டாம். கல்சியத்துக்கு நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதும் குரக்கன் பிட்டும் நல்லது. புரத மா டப்பாவுக்குக் காசு செலவழிக்கும் முன் முட்டை விலையைக் கணக்குப் பாருங்கள்.

கந்தசஷ்டி, கேதாரகௌரி விரத நாட்களில் கறண்டை விட்டுவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் குறைந்த உடம்பில் தசையை இழுப்பது சரியில்லை. லேசாக எழும்பி இருத்தலை மட்டும் செய்யலாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அட்டவணை குழம்பத்தான் செய்யும். குழம்பட்டும். திரும்பத் தொடங்கும்போது பழைய எடைக்கும் பழைய கறண்ட் எண்ணுக்கும் பாயாமல் பாதியில் இருந்து ஏறுங்கள்.

10. பார்த்துக்கொள்ள வேண்டியவை

8 வாரத்துக்கு ஒரு தடவை அந்த 5 தரக் கதிரைச் சோதனையை மறுபடி செய்து திகதியோடு எழுதுங்கள். செக்கன் குறைந்தால் சரியான வழி. 3 மாதமாகியும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் எடை கூட்டாதது காரணம், அல்லது சாப்பாடு. தராசில் நிறை குறையவில்லை என்று கவலைப்படவேண்டாம். டெக்சாவைக் கிழமைக்கணக்கில் திருப்பி எடுப்பதில் பயனில்லை, எலும்பு மாற வருடக்கணக்கு ஆகும். டொக்டர் சொல்லும் இடைவெளியில் எடுங்கள்.

நெஞ்சு நோ, தலைச்சுற்று, ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாவது, நாரியில் திடீரென்று கத்தியால் வெட்டும் நோ வந்தால் பயிற்சி, கறண்ட் இரண்டையும் நிறுத்தி அன்றைக்கே காட்டுங்கள்.

பட்டைகளைக் கழற்றியதும் அதன் பிளாஸ்ரிக் தாளில் ஒட்டி, காற்றுப்புகாத பையில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். காய்ந்தால் ஒரு துளி தண்ணீர் தடவினால் இன்னும் சில தரம் வரும். பட்டையை இன்னொருவரோடு மாற்றிப் போடக்கூடாது, தோல் நோய் தொற்றும். அயலில் யாராவது மெசினை இரவல் கேட்டால் 2ஆம் படியில் உள்ள தடைகளை முதலில் வாசிக்கக் கொடுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பதைச் சொல்ல மறக்கும் ஆட்களும் உண்டு.